இடக்கண் தங்கைக்கு

நிவாரண முகாமில் எனக்கு அடுத்த அறைக்காரி ஒரு தையல்காரி. வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம். எழுந்து நடக்க முடியாத தங்கையோடு வந்தவள். தங்கைக்கு உடம்பு துடைத்துப் புண் கட்டியது நான். நோயாளியைப் பார்த்துக்கொள்வது நான் பயின்ற வேலை.

முகாம் கடையில் அட்டை கிடையாது. கருவியில் கண்ணைக் காட்டினால் உணவுப் பங்கு கிடைக்கும். கணக்கு பிளாக்செயின் என்னும் கணினிப் பேரேட்டில் ஏறும். ஏறியதை எவராலும் அழிக்க முடியாது; கீழே புதிதாகச் சேர்க்கத்தான் முடியும். பதிவு நாளில் தங்கையைத் தூக்கிவர ஆளில்லை. தையல்காரி வலக்கண்ணைத் தன் பெயருக்கும் இடக்கண்ணைத் தங்கை பெயருக்கும் கொடுத்துவிட்டாள். ஒரே ஆளின் இரண்டு கண்ணும்கூட ஒன்றுபோல் இராதாம், கருவி ஏற்றுக்கொண்டது. யாருக்கு எந்தக் கண் என்று கேட்டவர்களிடம், நல்ல கண்ணைத் தங்கைக்குக் கொடுத்தேன் என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு பலித்துவிட்டது. வலக்கண்ணில் புண் வந்து வெள்ளை படர்ந்தது. சொட்டு மருந்து விட்டேன். போன பார்வை போனதுதான். கருவிக்கு அந்தக் கண்ணை அடையாளம் தெரியவில்லை. தங்கையின் பங்கில் இருவரும் சாப்பிட்டார்கள். மழை பிடித்த வாரம் தங்கை இறந்தாள்.

சாவைப் பதியாமல் அடக்கம் செய்ய இடம் தர மாட்டார்கள். பதிந்தால் இடக்கண்ணுக்கும் பங்கு நின்றுவிடும். அலுவலகத்தில் தையல்காரி எதையும் மறைக்கவில்லை. எழுத்தர் இரக்கமுள்ளவர், குரலைத் தாழ்த்தி வழி சொன்னார். இறந்தவள் மூத்தவள் என்று எழுதிவிடலாம். தங்கை பெயரில்தானே நல்ல கண் இருக்கிறது, நாளைக்கே பங்கு வாங்கலாம். எனக்கும் சரியென்றே பட்டது. பட்டினிக்குப் பொய் தேவலை என்று அவளிடம் சொன்னேன்.

அவள் என்னைத்தான் பார்த்தாள்.

"அவ சோத்தத் தின்னுட்டேன் அக்கா. அவ சாவையும் நானே எடுத்துக்கவா?"

தங்கை பெயரிலேயே சாவு பதிவானது. இடக்கண்ணை அவள் பெயருக்கு மாற்றும் திருத்தத்துக்குச் சாட்சி, மேலிடத்து ஒப்புதல் என்று மழைக்காலம் முழுதும் ஓடியது. சாட்சி நான். என் பங்கை இருவரும் தின்றோம். அவளுக்கு ரவிக்கை தொளதொளத்தது. தானே பிடித்துத் தைத்துக்கொண்டாள்.

கடைசியில் புது வரி ஏறியது, பழையது அழியவில்லை. இப்போதும் அவள் கண்ணைக் காட்டினால் முதலில் தங்கை பெயரும் 'காலமானார்' என்பதும் திரையில் வரும். பிறகுதான் அவள் பெயர். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முதல் பெயரை வாய்விட்டுப் படித்த பிறகே அவள் பையை நீட்டுவாள்.