இங்கிலீஷில் நான் விட்ட வரி

ஹட்டன் டவுனில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில்தான் எங்கள் ஆபீஸ் இருந்தது. வெளிநாட்டில் யாரோ ஒருவர் மாதம் தவறாமல் காசு அனுப்புவார். அவருக்கென்று ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையின் பெயரும் படமும் ஒதுக்கியிருப்போம். அந்தப் பிள்ளை வருடத்துக்கு ஒரு தடவை அவருக்குக் கடிதம் எழுதும். அதை இங்கிலீஷில் மாற்றி அனுப்புவது என் வேலை. ஒன்பது வருடம் அதைச் செய்தேன்.

எனக்கு எதையும் நோண்டிப் பார்க்கும் புத்தி உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் பையில் என்ன காய்கறி இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் என்னால் நானுஓயா வரைக்கும்கூடப் போக முடியாது. அப்படிப்பட்டவள், இத்தனை நன்றிக் கடிதங்களுக்கும் காரணமான காசு எங்கே போகிறது என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. மாதக் கடைசியில் என் சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

கேட்க வைத்தது, வட்டவளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா. ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, அதாவது அன்றைய சம்பளத்தை இழந்து, ஆபீஸுக்கு வந்திருந்தார். அவருடைய மகள் ஆண்டு மூன்றில் படிக்கும்போதிலிருந்து எங்கள் பட்டியலில் இருந்தவள். ஆண்டு பதினொன்றில் வரும் ஓ.எல் பரீட்சை முடிந்ததும் திட்டமும் முடிந்துவிடும் என்பதால், சில வாரங்களுக்கு முன்புதான் அவளுடைய பெயரை எடுத்திருந்தோம். அக்கா பிளாஸ்டிக் கவரிலிருந்து பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பேங்க் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றிலும் இரண்டு போட்டோ கொப்பி.

“மகளுக்கு ரிசல்ட் நல்லா வந்திருக்குங்க மிஸ். சயன்ஸ்தான் படிக்கணும்னு நிக்கிறா. எங்க பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சயன்ஸ் இல்ல, இங்க டவுன்ல போர்டிங்ல விடணும். இந்த மாசம் முடியிறதுக்குள்ள அட்வான்ஸ் கட்டலேன்னா எடம் போயிரும். அந்தக் காச எடுத்துத் தந்தீங்கன்னா நல்லாயிருக்கும்.”

“எந்தக் காசுக்கா?”

“வெள்ளக்காரம்மா மக பேருல மாசாமாசம் அனுப்புன காசுதான். பேரு வெட்டியாச்சுனு கடுதாசி குடுத்தீங்களே. பேரு வெட்டுனா சேந்த காசக் குடுக்கணும்தானே?”

எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. நல்லவேளை, வரவில்லை. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவர்களின் சம்பளத் துண்டில் ஈ.பி.எப், சங்கச் சந்தா, கோயில் என்று எத்தனையோ பிடிப்புகள் இருக்கும். அதில் ஈ.பி.எப் மட்டும் திரும்பி வரும். வயதாகிப் பேர் வெட்டி வேலையிலிருந்து நின்றதும், அடையாள அட்டைக் கொப்பியும் பேங்க் புத்தகமும் கொடுத்தால் சேர்ந்ததெல்லாம் மொத்தமாகக் கைக்குக் கிடைக்கும். நம் பெயரில் வருகிற, ஆனால் நம் கைக்கு வராத காசு என்றால் அக்காவுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். இதுவும் அப்படித்தான் என்று அவர் நினைத்ததில் என்ன பிழை?

“ரெண்டு மூணு நாள் பொறுங்கக்கா, நானே வீட்டுக்கு வந்து சொல்றேன்” என்றேன். எனக்கே பதில் தெரியாது.

அன்றைக்கே எங்கள் கணக்காளரிடம் போய் நின்றேன். நல்ல மனுஷன், ஆனால் வாயைத் திறந்தால் நக்கல்தான்.

“ஒம்பது வருஷம் கழிச்சாவது கேட்டீங்களே” என்றார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். காசு பிள்ளையின் பெயரில் வந்தாலும் பிள்ளைக்குப் போவதில்லை. எல்லாம் ஒரே சட்டியில் விழும். அதிலிருந்து லயங்களின் வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் டேங்க், கக்கூஸ், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவுக்குப் புதுக் கூரை. ஆபீஸ் வாடகை, வேனுக்கு டீசல், திறப்பு விழா பெனர், கொழும்பு ஆபீஸின் செலவு, அவருடைய சம்பளம், என் சம்பளம். யாரும் ஒரு சதம் திருடவில்லை. வருடாந்த அறிக்கையில் எல்லாம் படத்தோடு இருக்கிறது என்று எடுத்தும் காட்டினார். பளபளவென்று அழகான புத்தகம். முழுக்க இங்கிலீஷ்.

திருட்டாக இருந்திருந்தால் யாரையாவது திட்டியாவது தீர்த்திருப்பேன். திட்ட ஆள் கிடைக்காத கோபத்தோடு அந்தப் பிள்ளையின் பைலை எடுத்துப் பார்த்தேன். அவளுடைய தமிழ்க் கடிதங்களும் என் இங்கிலீஷும் வருடவாரியாகச் சேர்த்துக் குத்தப்பட்டிருந்தன. ஆண்டு ஐந்தில் எழுதிய கடிதத்தின் கடைசி வரி: “எனக்காகச் சேர்த்து வைக்கிற காசுக்கு அம்மா நன்றி சொல்லச் சொன்னார்.” அதற்கு நான் எழுதிய இங்கிலீஷைத் தமிழில் சொன்னால், உங்கள் உதவிக்கு அம்மாவின் நன்றி. அடுத்த வருடமும் அதே வரி, அதே உதவி. அதற்கடுத்த வருடம் அக்கா இன்னும் தெளிவாகவே சொல்லியிருந்தார்: “மகள் பெரிய படிப்புப் படிக்கும்போது அந்தக் காசு உதவும்.” அந்த வரியை நான் மாற்றக்கூட இல்லை. மொத்தமாக விட்டிருந்தேன்.

ஏன் விட்டேன்? ஒரு நாளைக்கு முப்பது கடிதம் முடிக்க வேண்டும், ஒவ்வொன்றும் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். அதெல்லாம் சாக்கு. உண்மையில், தோட்டத்து ஆட்கள் ஏதோ தெரியாமல் எழுதுகிறார்கள், நாம் அழகாக்கி அனுப்புவோம் என்ற நினைப்புதான். நானும் லயத்தில் பிறந்தவள் என்பதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனேன். ஆபீஸ் வேனைக் கேட்கப் பிடிக்கவில்லை, டீசல் யாருடைய காசு என்று இப்போது தெரியுமே. அக்கா பிளேன்டீ தந்தார். மகளும் பக்கத்தில் இருந்தாள். நான் கணக்காளர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அக்கா அழவில்லை. கணக்காளரிடம் நான் கேட்ட மாதிரியே ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“அப்ப அந்த வேனு?”

“அதுவுந்தான்க்கா.”

“உங்க சம்பளம்?”

“அதுவும்.”

“அது சரிதானே, வேல செஞ்சா சம்பளம் குடுக்கத்தானே வேணும்.” வாசல் பைப்பைக் கையால் காட்டினார். “தண்ணி வந்தது பெரிய உபகாரம். இல்லேன்னு சொல்ல மாட்டேன். முந்தியெல்லாம் பீலித் தண்ணிக்குப் போயி வரிசையில நிக்கணும். ஆனா மிஸ், தண்ணி இருவது வீட்டுக்கும் வந்துச்சு. எம்புள்ள ஒருத்திதானே வருசா வருசம் நன்றி எழுதுச்சு.”

மகள் எழுந்து போய், ஏற்கனவே கழுவியிருந்த கோப்பைகளை அந்தப் பைப்பில் மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

“இந்த லயத்துல பொம்பளைங்க எல்லாரும் சீட்டுப் போடுறாங்க. என்னையும் எத்தனையோ தடவ கூப்புட்டாங்க. எனக்குத்தான் வெள்ளக்காரம்மா சேத்து வைக்கிறாங்களே, எனக்கு எதுக்குச் சீட்டுனு இருந்துட்டேன். வருசத்துக்கு ஒரு துண்டு, இந்தக் காசு இங்க போச்சுனு தமிழ்ல எழுதிக் குடுத்திருந்தீங்கன்னா, நான் அப்பவே சேந்திருப்பேனே மிஸ்.”

மகளின் கடிதங்களில் அவர் சொல்லி எழுதிய கடைசி வரிகளை நான் இங்கிலீஷில் விட்டுவிட்டதையும் அப்போதே சொன்னேன். சொல்லாமல் அந்தப் பிளேன்டீயைக் குடித்து முடிக்க முடியவில்லை.

பிள்ளை இப்போது ஹட்டனில்தான் போர்டிங்கில் இருந்து சயன்ஸ் படிக்கிறாள். அந்த மாதம் சீட்டு விழுந்த பெண், போர்டிங் அட்வான்ஸுக்காகத் தன் முறையை அக்காவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டார். சீட்டில் சேராதவருக்கு மொத்தக் காசையும் தூக்கிக் கொடுப்பது எங்கும் கேள்விப்படாத விஷயம். அக்கா அதை மாதாமாதம் கட்டி வருகிறார். யாரும் எந்த நன்றிக் கடிதமும் கேட்கவில்லை.

எங்கள் ஆபீஸுக்கு மட்டும் இன்னும் ஒரு கடிதம் பாக்கி இருந்தது. திட்டத்தை விட்டுப் போகும் பிள்ளை, காசு அனுப்பியவருக்குக் கடைசியாக ஒன்று எழுத வேண்டும். அக்கா சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். கொடுக்கும்போது அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்:

“இந்தத் தடவ நான் சொன்னத அப்புடியே எழுதுவீங்களா மிஸ்?”

“அப்புடியே எழுதுறேன்க்கா” என்றேன்.

கடிதத்தில் இருந்தது இது: “அம்மா, நீங்க அனுப்புன காசுல எங்க லயத்துக்குத் தண்ணி வந்துச்சு. நீங்க நல்லா இருக்கணும். அடுத்த புள்ளைக்கு அனுப்புறப்ப, காசு எங்க போகுதுன்னு அதோட அம்மாவுக்கும் ஒரு துண்டு குடுக்கச் சொல்லுங்க. நீங்க எம்மகளுக்குச் சேத்து வைக்கிறீங்கன்னு நெனச்சு நான் சேக்காம இருந்துட்டேன். அது எங் குத்தம்தான்.”

இங்கிலீஷில் மாற்றிக்கொண்டே கடைசி வரி வரைக்கும் வந்துவிட்டேன். அங்கே கை நின்றுவிட்டது. அது அவருடைய குற்றமே இல்லை. ஒன்பது வருடத்தில் நியாயமாக விட வேண்டிய வரி என்று எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். ஆனால் அப்படியே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதினேன்.