பிள்ளையைத் தொடப் பயந்த நாட்கள்

என் மகன் பிறந்து இரண்டு மாதம் ஆனபோது, அவனைத் தொடவே எனக்குப் பயம் வந்துவிட்டது.

என் பெயர் ஸ்டெல்லா. காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுப்பவள். கணவர் அந்தோணிக்கு ஹார்பரில் கிரேன் வேலை. ஆறு வருஷம் அழுது ஜெபித்துப் பெற்ற பிள்ளை.

ஒரு நாள் வீட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் பிள்ளை தூங்கினான். 'இந்தக் கத்தியை அவன்மேல் இறக்கிவிட்டால்?' என்று திடீரென ஒரு நினைப்பு. அன்றே கத்திகளைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். பிறகு தலையணையைப் பார்த்தாலும் அதே மாதிரி நினைப்பு வந்தது. மாமியார் அருகில் இருந்தால்தான் பால் கொடுப்பேன். அந்தப் பாலும் வற்றியது.

"கேட்டு வாங்கின புள்ளய இன்னாத்துக்கு இப்டி தள்ளி வெக்கிற?" என்றார் கணவர். 'ஆண்டவரே, இந்த நினைப்பை எடும், இல்லையென்றால் என்னை எடும்' என்று மன்றாடினேன். நினைப்பு அதிகமானதுதான் மிச்சம். பூசையில் நற்கருணை வாங்குவதையும் நிறுத்திவிட்டேன்.

போன தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழுதேன். இது பாவமில்லை, நாளைக்கே டாக்டரைப் பார் என்றார் ஃபாதர். என்னைப் பைத்தியம் என்கிறாரா என்று கோபம்தான் வந்தது. ஆனாலும் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, இருவரும் போனோம்.

அந்த நினைப்பு பிடித்திருக்கிறதா, பயமாக இருக்கிறதா, காதில் குரல் கேட்கிறதா என்று டாக்டரம்மா நிதானமாக விசாரித்தார்.

"கொரலெல்லாம் கேக்கல. அந்த நெனப்பு வந்தா பயத்துல செத்துடலாம்னு கீது மேடம்," என்றேன்.

"அந்த நினைப்பு உங்க ஆசை இல்லம்மா, உங்க பயம். பிள்ளை பெத்தவங்க நிறைய பேருக்கு இப்படி வரும். வெளிய சொல்ல மாட்டாங்க."

தள்ளத் தள்ள அது ஏன் திரும்பி வருகிறது என்று காகிதத்தில் வரைந்து காட்டினார். இது ஒரு நோய், இதற்குப் பெயர் உண்டு என்றார். மாத்திரை எழுதினார். என்னைத் தனியாக விடக்கூடாது என்று கணவரிடம் சொன்னார்.

ஆட்டோவில் வீடு திரும்பினோம். கல்மண்டபம் தாண்டியதும் கணவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் ஒரு தபா, கிரேன் மேல நின்னுகினு கீறப்போ, குதிச்சா இன்னான்னு தோணிச்சி. யாராண்டயும் சொல்லல."

வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினேன். நினைப்பு வந்தது. துரத்தாமல் விட்டேன். அவனைக் கீழே இறக்கவில்லை.

இப்போதும் சில நாள் வருகிறது. அவனைத் தூக்காமல் போன மாதங்கள் திரும்பி வராது. நினைப்பை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். அது என்னவென்று ஆண்டவர் எனக்குப் புரியவைத்தார். அவருக்கு நன்றி.

இதே பயத்தோடு உங்களில் யாராவது இருந்தால், ஜெபியுங்கள், வாய் திறந்தும் சொல்லுங்கள். டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு இல்லை. இன்று பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்பேன். தனியாகப் போகப் பயமென்றால், நான் கூட வருகிறேன்.