உப்புக்குக் காவல்

உப்புப் போடாத ரசத்தின் வாசனையில் ஒரு குறையும் இருக்காது. மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, பூண்டை நசுக்கி, கொத்துமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு இறக்கினால் எல்லா வீட்டு ரசத்தையும் போலத்தான் அதுவும் மணக்கும். மூக்கை நம்பி நாக்கு ஆசையாக முன்னால் வரும், முதல் வாயிலேயே ஏமாந்து திரும்பிப் போகும். தொண்ணூறுகளின் நடுவில், நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், கோயம்புத்தூர் கணபதியில் எங்கள் லைன் வீட்டில் ஏழு மாதம் இந்த ரசத்தைத்தான் ஊற்றிச் சாப்பிட்டோம். அந்த ஏழு மாதமும் வீட்டுக்குள் உப்பு வராமல் காவல் இருந்தவள் நான்தான்.

அப்பாவுக்குப் பவுண்டரியில் வேலை. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுகிற இடத்தில் நிற்பார். அந்த அனலில் நிற்கிறவர்களுக்கு அங்கேயே உப்புப் போட்ட மோர் கொடுப்பார்கள். குடித்ததெல்லாம் வேர்வையாகப் போய்விடும். அதனாலோ என்னவோ வீட்டிலும் அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கல் உப்புக் கூடுதலாக வேண்டும். தயிர்ச்சோறு என்றால் வட்டலின் ஓரத்தில் கொஞ்சம் கல்லுப்பைக் குவித்து வைத்துக்கொண்டு, தொட்டுத் தொட்டுச் சாப்பிடுவார். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு ஐப்பசி மாதம் காலையில் எழும்போதெல்லாம் முகம் வீங்க ஆரம்பித்தது, பிறகு கால் வீங்கியது, பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டது என்று சொன்னார்கள். உப்பு ஆகாது, பருப்பு ஆகாது, இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு எதுவும் ஆகாது, தண்ணீர் ஒரு நாளைக்கு நாலு தம்ளர்தான் என்று டாக்டர் சொல்லச் சொல்ல, அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா செய்த முதல் வேலை, உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டு ராஜம்மாக்காவிடம் கொடுத்ததுதான். "இத்தனூண்டு ஊட்டுல ரெண்டு உலை வெக்க முடியாதுங்க்கா. அவருக்கு இல்லாத உப்பு எங்களுக்கெதுக்கு?" என்றாள். வீட்டில் தெலுங்கும் எங்களோடு தமிழும் பேசுகிற ராஜம்மாக்கா ஜாடியை வாங்கி முந்தானையால் துடைத்து உள்ளே வைத்தார். அன்று முதல் எங்கள் வீட்டுச் சமையல் உப்புச் சப்பில்லாத சமையல் ஆனது.

அம்மா பஞ்சு மில்லில் காலை ஷிப்டு. நான் படித்த பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில் இருந்ததால், மதிய மணி அடித்ததும் ஓடி வந்து அப்பாவுக்குச் சோறு போடுவது என் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உப்பு உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் அப்பா சாகமாட்டார் என்று எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, யாரிடமும் நான் சொல்லவும் இல்லை. பள்ளியில் மாங்காய்க் கீற்றை உப்பு மிளகாயில் தோய்த்து நீட்டினால்கூட வேண்டாம் என்றுவிடுவேன். பார்த்துவிட்டுப் போக வந்த சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சும் கொண்டு வருவார்கள். அதில் ஆரஞ்சை மட்டும் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நானே தின்றேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், காவல்காரிக்கும் வாய் உண்டு.

அப்பா என்னிடம் கெஞ்சிப் பார்ப்பார். "அம்மணி, ஒரே ஒரு கல்லு. நாக்குல வெச்சுட்டுத் துப்பிப்போடறேன்" என்பார். நான் மாட்டேன் என்று தலையாட்டினால், "என்ற புள்ளைய போலீஸ்ல சேத்தியிருக்கோணும்" என்று சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைவார். அந்தச் சிரிப்பைப் பார்த்து இது எங்களுக்குள் ஒரு விளையாட்டு என்றே நினைத்திருந்தேன்.

தை மாதத்தில் ஒரு மதியம், அப்பாவோடு வேலை பார்த்த ரங்கசாமி மாமா வந்துவிட்டுப் போன பிறகு நான் வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார், தாடை அசைந்தது. கையிலிருந்ததைப் பிடுங்கிப் பார்த்தால் உப்புக்கடலைப் பொட்டலம். சாயங்காலம் அம்மா மில்லிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அதை அவள் முன்னால் கொண்டுபோய் நீட்டினேன். அம்மா கத்தினாள், தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் கதவோரம் நின்று, வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவளைப் போலப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வயது மனிதர், ஒரு வாய்க் கடலைக்காகப் பெற்ற மகளிடம் மாட்டிக்கொண்டு தலை குனிந்தார் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

மாசியில் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினில் வாரம் இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். போய் வந்த நாளில் அப்பாவால் தலையைத் தூக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் போனதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் அவர் திரும்பி வந்தார். சித்திரை முடியும்போது அவரே டாக்டரிடம், "போதுமுங்க, ஊட்டுல இருந்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டார். டாக்டர் கொஞ்ச நேரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "இனி அவர் என்ன கேக்கறாரோ குடுங்கம்மா. நிம்மதியா வெச்சுக்கங்க" என்றாராம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா மில்லுக்குப் போகவில்லை, ராஜம்மாக்கா வீட்டுக்குப் போய் உப்பு ஜாடியோடு திரும்பி வந்தாள் என்பதுதான். அடுப்பில் அரிசிம்பருப்புச் சோறு வெந்துகொண்டிருந்தது, சின்ன வெங்காயமும் பூண்டும் தாளித்த வாசனை லைன் முழுக்க அடித்தது. பருப்பே கூடாது, இதில் உப்பு வேறா? நான் ஜாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். குழாயடித் துவைகல்லின் மேல் மொத்தத்தையும் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டேன். கல்லுப்பு சுலபத்தில் கரையாது. காலால் தேய்த்துத் தேய்த்துக் கரைத்தேன். பின்னாலேயே வந்த அம்மா அடிப்பாள் என்று பார்த்தால் அடிக்கவில்லை. "டாக்டரே குடுக்கச் சொல்லிப்போட்டாரு கண்ணு" என்றாள். "அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது" என்று கத்தினேன்.

அம்மா ராஜம்மாக்காவிடம் ஒரு தம்ளரில் உப்பு வாங்கி வந்தாள். அதற்குள் கட்டிலிலிருந்து அப்பா, "அதை அப்பிடியே வெய்யி. அவ போட்டாத்தான் திம்பேன், இல்லாட்டி இப்பிடியே திங்கறேன்" என்றுவிட்டார். அம்மா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அன்றைக்கும் மறுநாளும் உப்பில்லாத சோற்றையே இரண்டு வாய் வாங்கினார். தம்ளர் அலமாரியில் இருந்தது, நான் அதன் பக்கம் திரும்பவில்லை, அம்மா என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் காலை அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது நான் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"உப்புப் போட்டாச் செத்துப் போயிருவீங்களா அப்பா?"

"போடாட்டியும் சாவேன் அம்மணி" என்றார்.

ஏழு மாதமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது. வந்தவர்கள் எல்லாரும் "சரியாப் போயிருமுங்க" என்றார்கள், அம்மா "பொழச்சுக்குவாரு" என்றாள், நான் என் கணக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா அதை மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். நான் அழுவேன் என்று பார்த்தவர், நான் அழாமல் நிற்கவும் கையை எட்டிப் பிடித்தார். "நீ இத்தனை நாளு காவல் இருந்தே, நானும் இருந்தேன். இப்ப உன்ற ஷிப்டு முடிஞ்சுதுங்க அம்மணி. போயி உப்பு எடுத்துட்டு வா."

அப்போதுதான் அழுதேன். துக்கம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த அழுகையில் பாதி, தலையிலிருந்து பாரத்தை இறக்கி வைத்த அழுகை. அவர் உயிர் என் கையில் இல்லை என்பது தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது.

மதியம் அவர் வட்டலில் நானே உப்புப் போட்டேன். சமைத்துப் பழக்கமில்லாத கை, ஏழு மாத பாக்கியைச் சேர்த்துப் போட்டுவிட்டது. ஒரு பருக்கையை வாயில் வைத்துப் பார்த்த அம்மா முகத்தைச் சுளித்து, "அய்யோ, கரிக்குது. வேற போட்டுத் தாரேன், குடுங்க" என்று வட்டலை இழுத்தாள். அப்பா விடவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, "இதுதான் சோறு" என்று ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டார், அம்மா சிரிக்க ஆரம்பித்தாள், நாங்கள் மூன்று பேரும் அந்த வருடத்தில் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு பத்தொன்பது நாள் இருந்தார். கால் இன்னும் வீங்கியது, மூச்சு வாங்கியது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. அம்மா தலையணை இரண்டை முதுகுக்குக் கொடுத்து உட்கார வைத்தாள், காலை மடியில் போட்டுக்கொண்டு நீவிவிட்டாள், உப்பை மட்டும் யாரும் திரும்ப எடுக்கவில்லை. ரங்கசாமி மாமா உப்புக்கடலையோடு தினமும் வந்தார், இப்போது என் கண் முன்னாலேயே பிரித்தார். கோபிசெட்டிபாளையத்திலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, வந்து தங்கினார். யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதை அப்பா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, அரை இட்டிலி சாப்பிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, அம்மாவின் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டார். ராஜம்மாக்கா பள்ளிக்கு வந்து என்னைக் கூட்டிப்போனார். அழுதேன், ஆனால் என்னால்தான் என்று அழவில்லை. அந்த ஒன்றுக்காக அப்பாவுக்கு நான் காலமெல்லாம் கடன்பட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்து காக்கைக்குச் சோறு வைக்க வேண்டும். அத்தை முறை தெரிந்தவர், கண்டிப்பானவர். "செத்தவங்களுக்கு வெக்கற சோத்துல உப்புப் போடக்கூடாது, ஆமா" என்று எல்லாரிடமும் இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் உலை வைத்தார். மறுபடியும் உப்பில்லாமலா? அத்தை இலை அறுக்கக் கொல்லைப் பக்கம் போன நேரத்தில், அலமாரித் தம்ளரிலிருந்து ஒரு கை அள்ளிச் சோற்றில் போட்டுக் கிளறி மூடிவிட்டேன். இலையைக் கூரை ஓட்டின் மேல் வைத்து அத்தை "கா, கா" என்று கூப்பிட்ட மூன்றாவது குரலுக்கே காக்கை வந்து இறங்கியது. "பாத்தீங்களா, என்ற தம்பிக்கு ஒரு குறையும் இல்ல, கூப்பிட்ட ஒடனே வந்துட்டான்" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இப்போது அந்த லைன் வீடுகள் இல்லை. அந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. பவுண்டரி ஊருக்கு வெளியே போய்விட்டது, அம்மாவின் மில்லைப் பூட்டிவிட்டார்கள், ராஜம்மாக்காவும் அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு தெருவில் கல்லுப்பு விற்று வருகிற ஆளைப் பார்த்து எத்தனையோ வருடமாகிறது. அம்மா என்னோடு இருக்கிறாள்.

காக்கைச் சோற்றில் உப்புப் போட்டதை நான் யாரிடமும் சொன்னதில்லை. போன வருடம் அப்பாவின் திதியன்று, அம்மாவுக்கும் வயதாகிறது, எதற்கு மறைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீயுமா போட்டே? உங்கத்தை உலை வெச்சப்பவே நான் ஒரு கை போட்டுட்டனே கண்ணு" என்றாள். முறத்தை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அம்மா சொன்னாள்: "கரிச்சிருக்கும், பாவம். ஆனா ஒரு பருக்கை மிச்சம் வெக்கலையே."