குளம் மேலிருந்து, தாமரை பக்கத்திலிருந்து

பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்குப் படம் கீறுகிறவனைப் பிள்ளைகள் மன்னிப்பார்கள், ஆசிரியர் மன்னிக்கமாட்டார். இந்தத் தொழிலில் அடிபட்ட சக ஓவியர்களான உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஐம்பதுகளின் கடைசியில், தீவுப்பகுதிக் கிராமமான கரம்பொன்னில் இருந்துகொண்டு, ராஜஸ்தானத்துச் சிற்றோவியங்களைப் பார்த்து வாரம் ஒரு படம் கீறி, கீழே சின்னக் குறிப்பும் எழுதினேன். தொடங்கும்போதே ஆசிரியர் தவணை வைத்தார்: "மூண்டு கிழமை பாப்பம். சனத்துக்கு விளங்காட்டி நிப்பாட்டிப்போடுவன்."

அரசரின் உயரம்

முதற் படத்தில் அரசர் பனையளவு, சேவகர் அவர் முழங்காலளவு. சிற்றோவியத்தில் உயரம் உடம்பைப் பொறுத்ததல்ல, பதவியைப் பொறுத்தது. அதை எழுதக் குறிப்பில் இடம் போதவில்லை. எங்கள் தபாற்காரர் பத்திரிகையை அந்தப் பக்கம் விரித்தபடியேதான் கொண்டுவந்தார். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.

"இதிலை என்ன அண்ணை விளக்கம்? ஊரை ஆளுற விதானையார் வளவுக்கை வந்தால் நாங்கள் இந்த அளவுதானே!"

கொக்கு இரண்டு

அடுத்தது, கார்முகில், வாசலில் ஒரு பெண், முகிலின் கீழ் சோடிக் கொக்கு. பிரிவைக் காட்ட அந்த ஓவியர்கள் கண்ணீர் கீறுவதில்லை, சோடிப் பறவை கீறுவார்கள். சிறுவர் பக்கத்தில் பிரிவா என்று பயந்து, "மழைக்காலம்" என்று மட்டும் எழுதிவிட்டேன். புங்குடுதீவுக் கலியாண வீடொன்றில், கொழும்பில் கடை வைத்திருப்பவரின் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மழையெண்டு ஆரை ஏய்க்கிறியள்? கொக்கு ரெண்டு, பொம்பிளை ஒண்டு. மனுசன் கொழும்பிலைதானே!"

குளம்

மூன்றாவது படத்தை ஆசிரியரிடம் காட்டியது நயினாதீவுக்குப் போகும் மோட்டார் வள்ளத்தில். குளம் மேலிருந்து பார்த்த சதுரம். தாமரையும் அதைப் பறிக்கும் பெண்களும் பக்கத்திலிருந்து பார்த்தபடி. இதழ் இதழாக நாலு நாள் கீறியது.

"குளமென்ன, நிமித்தி வைச்ச பாயோ? ஒரு ஆள் எப்பிடி ரெண்டு இடத்திலை நிண்டு பாக்கிறது? இதோடை காணும், நிப்பாட்டும்" என்றார்.

நான் படத்தைச் சுருட்டினேன். வள்ளம் ஓட்டிக்கொண்டிருந்த தண்டையல், ஒரு கை சுக்கானில் இருக்க, மறுகையால் தன் கடல் வரைபடத்தை எடுத்து ஆசிரியரின் மடியில் போட்டார். தீவுகள் மேலிருந்து; வெளிச்சவீடு பக்கத்திலிருந்து; எல்லாம் ஒரே தாளில்.

"வழி தெரிய மேலையிருந்து பாக்கவேணும் ஐயா, இடத்தை அடையாளம் பிடிக்கப் பக்கத்தாலை பாக்கவேணும். ரெண்டும் சேர்த்துப் பாக்க ஏலாதெண்டால் இப்ப எல்லாரும் கல்லிலை நிப்பம்!"

அந்தப் படத்தை ஆசிரியர் தன் கையாலேயே அச்சகத்துக்குக் கொண்டுபோனார், தொடரும் இரண்டு வருடம் ஓடியது. சனத்துக்கு விளங்காது என்று அவர் பயந்த ஓவியங்களில், விளக்கம் தேவைப்பட்டவர் அவர் ஒருவர்தான்.