கிராணி பஞ்சாட்சரத்தின் இரண்டாம் கல்யாணம்

திருப்புலிவனத்தில் பிறந்து, திருப்புலிவனத்திலேயே வயதான காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த பஞ்சாட்சரம், சர்க்கார் கணக்கில் ஒரு வெளிநாட்டுக்காரர். மலேயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கிராணியாக இருந்தவர். கிராணி என்றால் அங்கே குமாஸ்தா. குடியுரிமை வாங்கிக்கொண்டால்தான் வேலை நிலைக்கும் என்று நடுவில் ஒரு வருஷம் எல்லாரும் வரிசையில் நின்றார்கள், அவரும் நின்றார். அதனால் 1974இல் ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது அவர் கையில் இருந்தது அயல்நாட்டு பாஸ்போர்ட். வருஷத்துக்கு ஒரு முறை போலீஸ் ஆபீசுக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்தப் படிவத்தில் 'இந்த நாட்டில் தங்கியிருப்பதன் நோக்கம்' என்று ஒரு கேள்வி உண்டு. யாரைக் கேட்டாலும் திணற வேண்டிய கேள்விதான். பஞ்சாட்சரம் ஒரு கணம்கூட யோசிக்காமல் 'ஓய்வு' என்று எழுதிவிடுவார்.

அவரைப் புத்திசாலி என்று சொல்வதற்கில்லை. ஆனால் விதிமுறைகளைப் படிக்கிற பொறுமை இருந்தது. ஓய்வு பெறும்போது கம்பெனி இரண்டு வழி காட்டியது. மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு கம்பெனியை மறந்துவிடலாம். அல்லது உயிர் இருக்கும்வரை மாதப் பென்ஷன், அதோடு எந்த நாட்டில் இருந்தாலும் அவருக்கும் மனைவிக்கும் வைத்தியச் செலவு, ஆபரேஷன் உட்பட, கம்பெனியுடையது. கூட வேலை பார்த்தவர்கள் மொத்தமாக வாங்கி நிலமும் மாடும் வாங்கினார்கள். பஞ்சாட்சரம் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். தன் அப்பா தொண்ணூறு வரை இருந்ததை மனதில் வைத்துத்தான் அப்படிச் செய்தார். ஊருக்கு வந்த நாலு வருஷமும் அவருக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. உரிமை ஒன்று வீணாகிக்கொண்டிருந்ததல்லவா.

நாலாவது வருஷம் வலது கண்ணில் புரை விழுந்தது. இடது கண் ஏற்கெனவே பாதிதான். காஞ்சிபுரத்துக் கண் டாக்டர், தை மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும், முற்றிப்போனால் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டார். உத்திரமேரூர் ஸ்கூலில் இலவசக் கண் முகாம் போட்டிருந்தார்கள். பஞ்சாட்சரம் அந்த வாசலைத் தடவித் தடவித் தாண்டிப் போனாரே தவிர உள்ளே நுழையவில்லை. முப்பத்தோரு வருஷ உழைப்புக்குக் கிடைத்த ஆபரேஷனை விட்டுவிட்டு இனாமுக்கு ஏன் போக வேண்டும் என்பது அவர் கட்சி. கம்பெனிக்கு எழுதினார். டாக்டர் கடிதமும், பென்ஷன்காரரும் அவரைச் சார்ந்தவர்களும் சேர்ந்து எடுத்த புதிய போட்டோவும் அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது.

உத்திரமேரூர் பஜாரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர் வேதகிரி. கல்யாணங்களுக்கு எல்லாரும் காஞ்சிபுரத்திலிருந்து ஆள் கூப்பிட்டுக்கொள்வார்கள். வேதகிரிக்கு மிஞ்சியது சாவு வீடுகள். வயதானவர் யாராவது போய்விட்டால், எடுப்பதற்கு முன்னால் நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி, சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் நிற்க ஒரு படம் எடுத்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். பல பேருக்கு அதுதான் முதல் போட்டோவும். வேதகிரி அதில் தேர்ந்தவர். ஆடாத அசையாத ஆளை வைத்தே கை பழகியவர்.

அவர் ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகலில் கேமராவோடு வந்தார். வந்ததும் பழக்கப்படி கை வைத்த நாற்காலி இருக்கிறதா என்று கேட்டார். கிழக்கு பார்த்துப் போட்டார். சீமைக்குப் போகிற படம் என்பதால் பங்காளி வீட்டுப் பெண்கள் கோயில் மாலை ஒன்றைக் கொண்டுவந்து பஞ்சாட்சரத்தின் கழுத்தில் போட்டார்கள். அவர் மனைவி தாயாரம்மாள் அப்போதுதான் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகியிருந்தாள். ஈரம் காயட்டும் என்று முடியை விரித்துப் போட்டபடியே வந்து பக்கத்தில் நின்றாள். யாரும் சிரிக்கக் கூடாது என்று வேதகிரி கண்டிப்பாகச் சொன்னார். வெயில் புரைக் கண்ணில் குத்தியது. பஞ்சாட்சரம் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். வேதகிரி அதைப் பார்த்தார். அவருக்கு அந்தப் படத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை.

படம் வந்தபோது பஞ்சாட்சரத்துக்கு வெறும் மங்கல்தான் தெரிந்தது. எப்படி இருக்கிறது என்று மனைவியைக் கேட்டார்.

"நல்லாத்தான் கீது. உங்க மூஞ்சில இப்டி ஒரு அமைதிய நான் பாத்ததே இல்ல" என்றாள் தாயாரம்மாள்.

கோலாலம்பூரில் கம்பெனியின் பென்ஷன் பிரிவைக் கவனித்துவந்தவர் ஒரு தமிழர். சீனரோ மலாய்க்காரரோ அந்த மேஜையில் இருந்திருந்தால், சொடுக்கும் நேரத்தில் கிழவர் கண் சிமிட்டிவிட்டார் என்று நினைத்து விட்டிருப்பார். தமிழர் என்பதால் மாலை, விபூதி, விரித்த கூந்தல் எல்லாம் அவருக்கு உடனே விளங்கிவிட்டன. அவர் எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனமாக இருந்ததாகவும் பின்னால் தெரியவந்தது. பிறகு உட்கார்ந்து, சுத்தமான தமிழில் கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தை எடுத்துவந்த தபால்காரர் கன்னியப்பன், முகவரியைப் பார்த்துவிட்டுத் தெருமுனையிலேயே சைக்கிளை நிறுத்திக்கொண்டு வெகுநேரம் நின்றார். 'காலஞ்சென்ற பஞ்சாட்சரம் அவர்களின் மனைவி' என்று போட்டிருந்தது. கடிதம் கொடுக்க வேண்டிய வீட்டு வாசலில் காலஞ்சென்றவரே நின்றுகொண்டு, எனக்கு ஏதாவது இருக்கா என்று கேட்டார். படிக்கத் தெரியாதவள் பெயருக்கு வந்ததைக் கண் தெரியாதவருக்குப் படித்துக் காட்டும் வேலையும் கன்னியப்பன் தலையில் விழுந்தது.

"படிக்கறேன். ஆனா நீங்க உக்காந்துக்கோங்க நைனா" என்றார் கன்னியப்பன்.

அன்னாரின் மறைவு கம்பெனிக்கு ஈடு செய்ய முடியாத இழப்பு என்று கடிதம் தொடங்கியது. பஞ்சாட்சரம் அந்த இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். ஸ்டோரில் இருந்த காலத்தில் கம்பெனி அவரைப் பற்றி இவ்வளவு நல்லதாக ஒரு வரி எழுதியதில்லை. அதற்குப் பிறகு வந்ததுதான் சரியில்லை. பென்ஷன் நிறுத்தப்பட்டது. கண் ஆபரேஷனுக்கான விண்ணப்பம், தேவை இல்லாமற்போனதால் முடித்துவைக்கப்பட்டது. விதவை அவர்கள் ஆயுள் முழுக்கப் பாதிப் பென்ஷன் வாங்கிக்கொள்ளலாம், அல்லது இரண்டு வருஷப் பென்ஷனை ஒரே தடவையில் பெறலாம். எது வேண்டும் என்று தெரிவிக்கவும்.

தாயாரம்மாள் கடைசி வரியில் மட்டும் சந்தேகம் கேட்டாள். ரெண்டு வருஷத்துதும் ஒரே தடவையிலயா என்றாள். பஞ்சாட்சரம் அவள் இருந்த திசையை நோக்கி முறைத்தார். கொஞ்சம் தள்ளி இருந்த தூணுக்குத்தான் அந்த முறைப்பு போய்ச் சேர்ந்தது.

தான் உயிரோடு இருப்பதாக அவரே தம் கைப்பட எழுதி அனுப்பினார். கண் தெரியாமல் எழுதியதில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. காலஞ்சென்றவர் பெயரில் யாரோ எழுதிய கடிதம் கிடைத்தது, கையெழுத்து ஒத்துப்போகவில்லை, இனி விதவை சொல்வதை மட்டுமே ஏற்போம், அவர் சென்னை ஏஜெண்டு ஆபீசில் நேரில் ஆஜராகலாம் என்று பதில் வந்தது. அப்போது கார்த்திகை பிறந்துவிட்டது. டாக்டர் சொன்ன கெடுவுக்கு மூன்று மாதம்கூட இல்லை. வாசலில் கிடக்கும் மாட்டுக்கும் மண்வெட்டிக்கும் வித்தியாசம் தெரியாத நிலைக்கு வந்திருந்தார் பஞ்சாட்சரம்.

செங்கல்பட்டு போய் ரயில் பிடித்துப் பட்டணம் போனார்கள். வழி முழுக்க அவள்தான் அவர் கையைப் பிடித்து நடத்தினாள். செத்தவருக்கு எதுக்கு டிக்கெட்டு என்று ஒரு தரமும், கூட்டத்தில் யாராவது இடித்தால் பாத்துப் போங்க, பொணம் நடந்து வருது என்று ஒரு தரமும் சொல்லிக்கொண்டாள். பஞ்சாட்சரம் அவள் கையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தன் உயிர் இப்போது அவள் வாயில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஏஜெண்டு ஆபீஸ் மேனேஜர் தாண்டவராயன் இளவயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். ஆனால் பேச்சையெல்லாம் தாயாரம்மாளிடமே வைத்துக்கொண்டார். பஞ்சாட்சரம் குறுக்கே ஏதாவது சொன்னால், மன்னிக்கணும் பெரியவரே, உங்க பேர் கோப்பில் மூடியாச்சு என்றார். கூட வந்திருக்கும் இவர்தான் உங்கள் கணவர் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அவளைக் கேட்டார்.

தாயாரம்மாள் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு வருஷப் பென்ஷனை நினைக்கிறாளோ என்று பஞ்சாட்சரத்துக்கு வேர்த்தது.

"முப்பத்தோரு வருசம் மலேயாவுல கீறாருன்னு சொன்னாங்க. மாசாமாசம் பணம் வரும், ஆளு வராது. இப்போ நாலு வருசமா ஆளு கீறாரு. கொயம்புல உப்பு இல்லன்றாரு, ரசத்துல புளி தூக்கலுன்றாரு, மலேயாவுல இப்டி இல்லன்றாரு. செத்துப்போனவரு இத்தினி பேஜாரு பண்ணுவாரா சார்? ஆளு வந்தா பணம் நின்னுபோச்சு. ரெண்டும் ஒண்ணா இருக்கறாப்ல ஒரு வயி பண்ணிக் குடுங்க."

மேனேஜருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இவ்வளவு சலிப்பை இட்டுக்கட்ட முடியாது. மேஜையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நிரப்பி, கைநாட்டு வைக்கச் சொன்னார். தாயாரம்மாள் மை தொட்ட விரலை நீட்டியவள், மேலே என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள்.

"விதவையின் வாக்குமூலம்னு இருக்கும்மா. அது வெறும் அச்சு. கீழே உங்க கணவர் உயிரோட இருக்கார்னு எழுதியிருக்கேன்."

விரல் பின்னால் போய்விட்டது. கழுத்தில் தாலி இருக்கிறபோது அந்த வார்த்தைக்குக் கீழே கை வைக்க மாட்டேன் என்றாள். அடித்துவிட்டு வேறு எழுதச் சொன்னாள். அடித்தல் திருத்தல் இருந்தால் கோலாலம்பூரில் ஏற்க மாட்டார்கள் என்றார் மேனேஜர். வேறு படிவமும் இல்லை. உயிரோடு இருக்கிற பென்ஷன்காரரை உயிரோடு இருக்கிறார் என்று சொல்லவேண்டி வரும் என்று அச்சடித்தவர்கள் நினைத்திருக்கவில்லை.

பஞ்சாட்சரம் கெஞ்சினார். வார்த்தையில் என்ன இருக்கிறது, எனக்குக் கண் போய்விடும் என்றார்.

"உங்களுக்குக் கண்ணு வரணும்னு நான் தாலியறுக்கணுமா? நல்லா கீதே நாயம்" என்றாள் தாயாரம்மாள்.

பஞ்சாட்சரம் கெஞ்சலை நிறுத்திக்கொண்டார். சொல்லப்போனால், வந்த எரிச்சலுக்கு நடுவில் எங்கோ ஒரு மூலையில் அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. முப்பத்தோரு வருஷம் மணியார்டராக இருந்த ஓர் ஆளுக்கு, தன்னை விட்டுக்கொடுக்க ஒருத்தி மறுக்கிறாள் என்பது சின்ன விஷயமில்லை.

மேனேஜர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் அடி டிராயரிலிருந்து, மூலை மடிந்த ஒரு மஞ்சள் தாளை உருவினார். விதவை மறுபடி கல்யாணம் செய்துகொண்டால் பென்ஷனை நிறுத்துவதற்கான அறிவிப்பு அது. தலைப்பு 'திருமண அறிவிப்பு' என்று மட்டும் இருந்தது. கெட்ட வார்த்தை எதுவும் இல்லை.

"மணமகன் பேர்ல இவரையே போட்டுடறேன். சம்மதமாம்மா?"

தாயாரம்மாள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழாக ஒரு பார்வை.

"ஏற்கெனவே கட்டிக்கினதுதானே. போடுங்க. கல்யாணக் காயிதம்னா வெக்கறேன்" என்று கைநாட்டு வைத்தாள். மணமகன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தையும் அவளே அவர் விரலைப் பிடித்துக் காட்டினாள். டைப்பிஸ்ட் பெண்ணும் பியூனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பியூன் வெளியே போய் எல்லாருக்கும் காபி வாங்கிவந்தார்.

கோலாலம்பூர்த் தமிழர் அந்தத் தாளை வைத்துக்கொண்டு மூன்று வாரம் யோசித்திருக்கிறார். பதில் மார்கழியில் வந்தது. காலஞ்சென்றவரை மணந்துகொள்ள விதிகளில் இடமில்லை. மணமகன் உயிரோடு இருந்தால் ஒழியத் திருமணம் செல்லாது. திருமணம் நம் ஏஜெண்டு முன்னிலையில் நடந்திருப்பதால் அது செல்லும். ஆகவே மணமகன் உயிரோடு இருப்பதாக இந்த அலுவலகம் கொள்கிறது. பென்ஷன் பழையபடி வரும். ஆபரேஷனுக்கு அனுமதி. புதுமணத் தம்பதிக்கு வாழ்த்து.

நேரில் பார்த்த எவர் சொல்லையும் கேட்காத ஓர் அலுவலகம், ஒரு தர்க்கத்துக்கு இப்படிப் பணிந்தது பஞ்சாட்சரத்துக்குப் பெருமையாக இருந்தது. உலகத்தில் பாதிப் பேர் உயிரோடிருப்பதற்கு இவ்வளவு நல்ல காரணம் கிடையாது.

தை பிறந்து நாலாம் நாள் பட்டணத்தில் ஒரு நர்சிங் ஹோமில் ஆபரேஷன் நடந்தது. கட்டவிழ்த்து, தடிக் கண்ணாடி போட்டு ஊருக்கு அழைத்துவந்தார்கள். வந்தவுடன் அவர் கேட்டது அந்தக் கடிதத்தைத்தான். பிறர் வாயால் கேட்ட விதிமுறை அவருக்கு விதிமுறை மாதிரியே இல்லை. கூடத்தில் வெளிச்சம் பார்த்து உட்கார்ந்து, எழுத்தெழுத்தாகப் படித்தார். கன்னியப்பன் அவசரத்தில் விட்டுவிட்ட பொடியெழுத்து அடிக்குறிப்பு ஒன்று இருந்தது. ஓய்வுக்குப் பின் மணந்த மனைவிக்கு வைத்தியச் செலவு, திருமணத் தேதியிலிருந்து ஒரு வருஷம் கழித்தே தரப்படும்.

மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார். வருகிற கார்த்திகை வரைக்கும் அவள் உடம்புக்கு எதுவும் வரக் கூடாது என்றார்.

"நடுவுல ஜொரம் கிரம் வந்தா இன்னா பண்றதாம்?" என்றாள் தாயாரம்மாள்.

பஞ்சாட்சரம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை அடிக்குறிப்பைப் பார்த்தார்.

"மொதல் பொண்டாட்டி பேர்ல எயுதிக்கலாமே. அவளுக்கு நாலு வருசமா ஒரு செலவும் வரல."