அண்ணன் தம்பி வேலி

கீரப்பாளையத்தில் எங்கள் கொல்லைக்கும் பெரியப்பா கொல்லைக்கும் நடுவில் இருந்த வேலியில் ஓர் ஓட்டை இருந்தது. ஆடு தலையை நுழைத்து, உடம்பை நெளித்து, சாவகாசமாக உள்ளே வருகிற அளவுக்கு ஓட்டை. சவுக்குக் கழி நட்டுப் பனைமட்டை வைத்துக் கட்டிய வேலி அது. தாத்தா போட்டது. பாகம் பிரித்தபோது கிணறு யாருக்கு, தென்னை யாருக்கு என்று எல்லாம் பேசியவர்கள் வேலியை மட்டும் மறந்துவிட்டார்கள்.

அங்கே பிடித்தது வினை. யார் முதலில் வேலியில் கை வைக்கிறாரோ, காலத்துக்கும் அது அவர் தலையில்தான் விழும் என்று அப்பாவும் பெரியப்பாவும் திடமாக நம்பினார்கள். சண்டையெல்லாம் கிடையாது. டீக்கடைக்குச் சேர்ந்தே போவார்கள். ஊரில் எல்லைத் தகராறு என்றால் நியாயம் சொல்லவும் சேர்ந்தே போவார்கள். சொந்த வேலியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் இரண்டு பேருக்கும் காது கேட்காது. அம்மா நாலு மட்டையைத் தூக்கிக்கொண்டு போனால், "நீ தொடாத. அப்புறம் நம்மளுதுன்னு ஆயிடும்" என்று அப்பா பிடுங்கி வைத்துவிடுவார்.

தான் வைத்த கத்தரியையும் வெண்டையையும் தானே பறித்து, ஒருமுறையாவது குழம்பு வைக்க வேண்டும். அம்மாவுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். செடி பூவெடுக்கும், மறுநாள் வெறும் குச்சி நிற்கும். அவள் ஆட்டைத் திட்டும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். ஆடு என்ன செய்யும்? திட்ட வேண்டியவர் உள்ளே ஈசிசேரில் சாய்ந்திருந்தார்.

ஓர் ஆடியில் அவள் வேலி ஓரமாகவே அவரை விதையை ஊன்றி, சுற்றிலும் முள்ளை வெட்டிப் போட்டுக் காத்தாள். கொடி மட்டைகளைப் பின்னிக்கொண்டு ஏறி ஓட்டையையும் அடைத்துவிட்டது. தை பிறந்ததும் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாகக் காய். முதல் பறிப்பன்று பெரியப்பா வந்து நின்றார்.

"வேலி எங்களுதுதானே? பாதிக் காய் இங்க வரணும்ல?" என்றார் சிரித்துக்கொண்டே.

"அதெப்படிண்ணே? வேலி எங்களுது" என்று அப்பா ஈசிசேரிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

அத்தனை வருஷம் அநாதையாகக் கிடந்த வேலிக்கு ஒரே காலையில் இரண்டு அப்பன்கள். குரல் ஏறிக்கொண்டே போனது. அம்மா கூடையைக் கீழே வைத்தாள். கொடியின் அடியைப் பிடித்து வேரோடு இழுத்துப் போட்டாள்.

"இப்ப சொல்லுங்க மாமா, வேலி யாருது?" என்று பெரியப்பாவைக் கேட்டாள்.

பெரியப்பா தன் வீட்டுக்கு நடந்தார், அப்பா ஈசிசேருக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு அம்மா கொல்லையில் எதையும் ஊன்றவில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. போன மழையில் வேலி மொத்தமாகச் சாய்ந்தது. கடலூரில் இருக்கும் பெரியப்பா மகனுக்குப் போன் செய்தேன். "அது உங்க வேலிதானம்மா? சித்தப்பாவே அன்னிக்குச் சொன்னாரே" என்றார். வந்த கோபத்தில் பாதியிலேயே போனை வைத்தேன். ஆளைக் கூப்பிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பிவேலி போட்டுவிட்டேன். ஒரு வாரம்கூட ஆகவில்லை. இந்த வேலைக்கா இத்தனை வருஷம்?

அம்மாவைக் கைத்தாங்கலாகக் கொல்லைக்கு அழைத்துப் போனேன். "இனிமே ஒரு ஆடு வராது. உனக்கு என்ன வேணுமோ போடும்மா" என்றேன். அவள் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"வேலி நல்லாத்தான் இருக்குடி" என்றாள். "குனியத்தான் முடியல."