சிவப்புக் கயிறு கட்டிய சொம்பு

கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டிய ஒரு பித்தளைச் சொம்பு. வேறு யாரும் தவறி வாய் வைத்துவிடக் கூடாது என்பதற்காகக் கட்டிய கயிறு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் பெரம்பலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து வாங்கிப் போனவர்களின் முகமெல்லாம் மறந்துவிட்டது. இந்தச் சொம்பு மறக்கவில்லை.

அதற்கு உரியவர் குரும்பலூரை அடுத்து அம்மி, உரல் கொத்துகிற தெருவைச் சேர்ந்தவர். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். தொத்துகிற காசநோய், சயரோகம் என்று ஊர் முடிவு கட்டி, அவரைக் கொல்லைக் குடிசையில் ஒதுக்கியிருந்தது. முடிவு கட்டியவர்களில் நானும் ஒருவன். ஆறு மாத மகளை அவர் ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.

எங்கள் டாக்டரம்மா மட்டும் ஒப்பவில்லை. அந்த மனிதரின் சளியை மூன்று முறை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், கிருமி இல்லை. பிறகு என்னையும் அழைத்துக்கொண்டு அந்தத் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். நோயாளிக்காக வந்தவர் நோயில்லாதவர்களையே விசாரித்தது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. உளி பிடித்த ஆண்கள் இருமினார்கள். அவர்களோடு ஒரே குடிசையில் உறங்கிய மனைவிமார் இருமவில்லை. உளியை விட்டு ஏர் பிடிக்கப் போன தம்பிமாரும் இருமவில்லை.

"தொத்துற நோய்னா பொஞ்சாதிய விட்டு வைக்குமா, கம்பவுண்டர்?" என்றார்.

கடைசி வீட்டில் கணவனை இழந்த ஒருத்தி இருமினாள். போச்சு, டாக்டரம்மாவின் கணக்கு கவிழ்ந்தது என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட. அவர் அசரவில்லை. "கையக் காட்டும்மா" என்றார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

"அவரு போனப்புறம் நாந்தாங்க உளி புடிச்சேன். புள்ளைங்களுக்குச் சோறு போடணும்ல?"

எனக்குச் சிலிர்த்துப் போயிற்று. அந்தத் தெருவில் பறந்த வெள்ளைக் கல்தூசியைப் பல நாள் பார்த்தவன்தான் நான். அது நுரையீரலில் தங்கித் தழும்பாகி மூச்சை இறுக்குகிறது என்பதை ஒரு மனுஷி ஊரார் இருமலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்! அப்படியொரு மூளைக்குப் பக்கத்தில் நின்றதே என் பாக்கியம்.

கொல்லைக் குடிசை வாசலில் டாக்டரம்மா அந்த மனிதரிடம் எதையும் மறைக்கவில்லை. "இது தொத்தாதுங்க. ஆனா உள்ள விழுந்த தழும்பு ஆறாது, அதுக்கு மருந்தும் இல்ல. உளியத் தொடாதீங்க."

அந்த மனிதர் ஒன்றுதான் கேட்டார். "அப்ப புள்ளையத் தூக்கலாங்களா?"

டாக்டரம்மா பதில் சொல்வதற்குள் அந்த மனிதரின் மனைவி சொம்புக் கயிற்றை அறுத்தெறிந்து, மிச்சமிருந்த தண்ணீரை ஊரார் பார்க்க மடமடவென்று குடித்தாள். அதே சொம்பில் பானைத் தண்ணீர் மொண்டு எனக்கும் நீட்டினாள். தாகமில்லை என்று பொய் சொன்னேன்.

அடுத்த வருஷம் அந்த மனிதர் இறந்துபோனார். அரியலூரில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் அந்த மகளைச் சென்ற மாதம் பார்த்தேன். "எங்கப்பா என்னைக் கீழ எறக்கியே விட மாட்டாராம், அம்மா சொல்லும்" என்றபடி தண்ணீர் கொடுத்தாள். அதே சொம்பு. இந்த முறை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.